செர்ரி மரத்துக்குச் சொந்த வேர்

குருவைவிடச் சீடருக்கு வயது இரண்டு மடங்கு. அதனால் அந்த மலைக்கு முதல் தடவை வருகிறவர்கள் ஆளை மாற்றிக் கும்பிட்டுவிடுவார்கள். வெள்ளைத் தாடியும் தடித்த கண்ணாடியுமாகத் தோட்டத்தில் நிற்கிற குற்றாலிங்கத்தின் காலில் பொத்தென்று விழுவார்கள். பக்கத்தில் மண்வெட்டியோடு நிற்கிற மயிலாத்தாளிடம், "ஏம்மா, சாமி மௌனமா?" என்று கேட்பார்கள்.

"ஆமாங்க," என்பாள் மயிலாத்தாள். "காத்தால காப்பி வர்ற வரைக்கும் மௌனமுங்க."

அவள்தான் குரு. மடத்தில் எல்லாருக்கும் அம்மை. கொங்கு நாட்டிலிருந்து வந்தவள். எந்தக் குரலைக் கேட்டாலும் அது அவள் தொண்டைக்குள் போய்க் குடியேறிவிடும். கண்டக்டர் குரல், காட்டுக்கோழிக் குரல், மேடையில் மைக் சரியில்லாதபோது தட்டிப் பார்க்கிற பிரமுகர் குரல், எல்லாம் வரும். "இத்தனை பெரியவங்க இருக்கும்போது பெரிய குரு மடத்தை உங்கிட்ட ஏன்மா விட்டுட்டுப் போனாரு?" என்று யாராவது கேட்டால், போய்ச் சேர்ந்த பெரிய குருவின் கரகரத்த குரலிலேயே பதில் வரும்: "வேற ஒருத்தனும் ஒழுங்காச் சாணி அள்ளல."

கேட்டவர் கையைக் கட்டிக்கொண்டு நகர்ந்துவிடுவார்.

குற்றாலிங்கம் தென்காசிக்காரர். குடைக்கடை வைத்திருந்தவர். ஒரு மாசி மாதத்து மதியம் கையில் மஞ்சள் பையோடு மூச்சு வாங்க மலையேறி வந்தார். வந்ததும் கேட்டார்.

"அம்மை, எனக்குக் காவி குடுத்திருங்க. இனி எனக்கு யாரும் கெடையாது."

"யாரும் இல்லீங்களா, யாரும் வேண்டாமுங்களா?"

குற்றாலிங்கம் பையை இந்தக் கையிலிருந்து அந்தக் கைக்கு மாற்றினார்.

"ஒரு மவ உண்டு. மவன்னா, நான் பெத்தவ இல்ல. நான் கட்டுனவளோட மொதப் புருசனுக்குப் பொறந்தவ. அவரு தவறிட்டாரு. நான் கட்டும்போது கோமதி இம்புட்டுதான் இருப்பா." முழங்காலைத் தொட்டுக் காட்டினார். "பெறவு அவ அம்மையும் போய்ச் சேந்துட்டா. நாங்க ரெண்டு பேருந்தான். இப்பக் கோமதிக்குக் கல்யாணம் முடிவாயிருக்கு. மாப்பிள்ளைக்குக் கப்பல்ல வேலை, ஆவணியிலதான் லீவு. நிச்சயத்தன்னைக்கு அவ பெரியப்பன் சபையில வச்சுக் கேட்டாரு அம்மை. 'பொண்ணைத் தாரை வாத்துக் குடுக்கதுக்கு ரத்தம் வேணும்வே. நீரு யாரு?'ன்னு."

"நீங்க என்ன சொன்னீங்க?"

"நான் கோமதியத் திரும்பிப் பாத்தேன். அவ வாயத் தொறக்கல."

"அப்புறமுங்க?"

"செருப்ப மாட்டுனேன். வந்துட்டேன். இனி எனக்கும் அவளுக்கும் ஒட்டும் கெடையாது, உறவும் கெடையாது."

அம்மை கண்ணை மூடினாள். பிறகு வாயைத் திறந்தாள். வந்தது குற்றாலிங்கத்தின் குரல்.

"ஒட்டும் கெடையாது, உறவும் கெடையாது."

அச்சு அசல். 'உறவும்' என்ற இடத்தில் உடைந்தது உட்பட. தன் குரலை வெளியே வைத்துக் கேட்கிற எவருக்கும் கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். குற்றாலிங்கம் தரையைப் பார்த்தார்.

"இப்படித்தானுங்களே சொன்னீங்க?"

"ஆமா."

"தொண்டை கட்டியிருக்குதுங்ணா. சுக்குத் தண்ணி குடிங்க. காவி அப்புறம் பாத்துக்கலாம்."

சுக்குத் தண்ணீர் கொண்டு வந்தவர் மடப்பள்ளிச் சடையாண்டி. திண்டுக்கல் பக்கத்து ஆள். தண்ணீரை ஆற்றிக்கொண்டே காதையும் தீட்டி வைத்திருந்தார் என்பது அவர் முகத்திலேயே தெரிந்தது.

குடித்து முடித்ததும் அம்மை சீடரைத் தோட்டத்தின் கோடிக்கு அழைத்துப்போனாள். அங்கே ஒரு மரம் இலையே இல்லாமல் நின்றது. அடித்தண்டில் பட்டை வெடித்து, பொன்னிறத்தில் பிசின் வடிந்து உறைந்திருந்தது.

"செர்ரி மரமுங்ணா. பெரிய குரு வச்சது. இதுக்கு முடிவு காலம். இன்னும் சில பங்குனி பாத்தா அதிகம். இதே மாதிரி இன்னொண்ணு எனக்கு வேணும். நீங்க வளத்துக் குடுங்க. அது புடிச்சுக்கிச்சுன்னா காவி."

"ஒரு செடிதான அம்மை?"

"ஒரே ஒரு செடிதானுங்க."

குடைக்கடைக்காரருக்கு இது சல்லிசான பேரமாகப் பட்டது. அன்றே ஒரு குழி வெட்டிச் சாணம் போட்டு மூடி வைத்தார்.

பங்குனி பிறந்ததும் அந்த மொட்டை மரம் செய்த காரியத்தைப் பார்த்துக் குற்றாலிங்கம் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி பார்த்தார். இலை என்ற பேச்சே இல்லை. கிளை தெரியாமல் பூ. இளஞ்சிவப்பு, கொத்துக் கொத்தாக, ஒவ்வொரு பூவும் ஒரு சின்ன அடுக்குப் பாவாடை மாதிரி. கீழ் ஊர்களிலிருந்து ஜனம் வந்து நின்று படம் பிடித்துக்கொண்டு போனது.

பூ வந்தால் காய் வரும், காய் வந்தால் விதை வரும். இதில் என்ன ஞானம் வேண்டிக் கிடக்கிறது? குற்றாலிங்கம் காரியத்தில் இறங்கினார். கிளிகள் பழத்தைக் கொத்திவிடக் கூடாது என்று பால்பவுடர் டப்பாக்களைக் கயிற்றில் கோத்துக் கட்டினார். காற்றடித்தால் மடமே கலகலத்தது. தியானத்துக்கு உட்கார்ந்தவர்கள் ஒவ்வொருவராக எழுந்து உள்ளே போனார்கள்.

"ஏண்ணே," என்றார் சடையாண்டி, "இன்னும் காயே வரல. அதுக்குள்ள காவலா? புள்ள பெறக்கு முன்னாடி பள்ளிக்கூடத்துல பேர் கொடுத்த கதையால்ல இருக்கு?"

"உமக்குத் தெரியாதுவே. கிளி ரொம்பப் பொல்லாதது."

இதழ்கள் உதிர்ந்தன. தரை சிவந்தது. இலை வந்தது. சித்திரையும் வந்தது. காய் வரவில்லை. குற்றாலிங்கம் ஏணி போட்டு ஏறி ஒவ்வொரு கொப்பாகத் தடவிப் பார்த்தார். இறங்கி வந்து அம்மையிடம் கேட்டார்.

"காய் எங்க அம்மை?"

"இது காய்க்காதுங்ணா."

"பூத்துச்சே!"

"அடுக்குப்பூ. உங்க ஊர்ல அடுக்கு நந்தியாவட்டை காய்ச்சுப் பாத்திருக்கீங்களா?"

குற்றாலிங்கம் யோசித்தார். பார்த்ததில்லை.

"அப்ப இந்த மரத்துக்கு விதையே கெடையாதா?"

"கிடையாதுங்க."

"விதையில்லாம இது எப்படி வந்துது?"

"ஒட்டு."

அந்த ஒரு சொல்தான். குற்றாலிங்கத்தின் முகம் மடக்கிய குடைபோல் ஆகிவிட்டது.

"கீழ இருக்கறது காட்டுச் செர்ரி வேருங்ணா," என்று அம்மை தண்டின் அடியைத் தொட்டாள். "மேல இருக்கறது வேற. பூச்செர்ரி இப்படித்தான் அடுத்த வேர்ல நிக்குமுங்க."

"எனக்கு ஒட்டு வேண்டாம் அம்மை. சொந்த வேருல நிக்கிற மரம்தான் வேணும். அடுத்தவன் வேருல நிக்கிறது ஒரு நாள் இல்லாட்டா ஒரு நாள் 'நீரு யாரு?'ன்னு கேட்டுரும்."

"சரிங்ணா. சொந்த வேரு கிடைச்சா எனக்கும் காட்டுங்க."

அவள் சொன்ன விதத்தில் கேலி இல்லை. அதுதான் அவருக்கு ரோஷத்தைக் கிளப்பியது. மறுநாள் பஸ் பிடித்துக் கீழே பஜாருக்குப் போனார். திரும்பி வரும்போது முகத்தில் வெற்றி. யாரிடமும் சொல்லாமல் கொல்லையில் ஒரு பாத்தி கட்டினார். மடியிலிருந்த பொட்டலத்தை அவிழ்த்து, உள்ளே இருந்தவற்றை ஒவ்வொன்றாக மண்ணில் பதித்தார். பூவாளியில் தண்ணீர் ஊற்றினார்.

காலையில் போய்ப் பார்த்தால் பாத்தி கறுப்பாக இருந்தது. நகர்ந்தது. எறும்பு! மலையில் உள்ள எறும்புச் சாதி ஒன்று பாக்கியில்லாமல் விருந்துக்கு வந்திருந்தது.

"என்னாண்ணே நட்டீக?" என்று கேட்டுச் சடையாண்டி குனிந்து ஒன்றைத் தோண்டி எடுத்தார். சிவப்பாக, உருண்டையாக, பளபளவென்று இருந்தது. மண்ணைத் துடைத்து முகர்ந்தார். பிறகு நடந்ததுதான் கொடுமை. அவர் சிரிக்கவில்லை. சிரிப்பை அடக்கினார். அடக்கி அடக்கி வயிறு குலுங்கியது.

"இது பேக்கரியில பன்னு மேல வைக்கிறதுல்லண்ணே?"

"செர்ரிப் பழம்னுதான் கேட்டேன். செர்ரிதான்னு குடுத்தான்."

"செர்ரின்னுதேன் குடுப்பாய்ங்க. இது களாக்காய்ண்ணே! வேலியோரம் மொளைக்குமே, அந்தக் களாக்காய். கொட்டைய நோண்டி எடுத்துட்டு, சீனிப்பாகுல ஊறப்போட்டு, செகப்புச் சாயம் ஏத்தி... அம்மை! ஏம்மா, இங்க வந்து பாருங்க, அண்ணே சீனி வெதைச்சிருக்காரு!"

அம்மை வந்தாள். பாத்தியைப் பார்த்தாள். குற்றாலிங்கத்தைப் பார்த்தாள். அவர் காது நுனி வரை சிவந்து நின்றார்.

"உள்ள கொட்டை இருக்குதான்னு கடிச்சுப் பாத்தீங்களா?"

"இல்ல அம்மை."

"ஏனுங்க?"

"விதைக்க வாங்குனதை எச்சி பண்ணக் கூடாதுன்னு..."

அம்மை சிரிக்கவில்லை. சடையாண்டியின் முதுகில் ஒன்று வைத்து அடுப்பைப் பார்க்க அனுப்பினாள். பிறகு எறும்புகள் போகிற வழியில் கால் படாமல் தள்ளி உட்கார்ந்தாள்.

"எறும்புக்குச் சோறு போட்டிருக்கீங்க. வீணாப் போகல," என்றாள். "நாளைக்குக் காட்டோரம் போலாம் வாங்ணா."

அந்த மாதங்களில் கோமதி சும்மா இருக்கவில்லை. மலைக்கு வந்தாள். மறுபடி வந்தாள். பஸ்ஸிலிருந்து இறங்குகிற அவள் நடையைத் தூரத்தில் கண்டதுமே குற்றாலிங்கம் விறகுக் கொட்டகைக்குள் போய்விடுவார். அவள் மடப்பள்ளி வாசலில் உட்கார்ந்திருப்பாள். கருப்பட்டியும் தைலக் குப்பியும் கொடுத்துவிட்டுக் கடைசி பஸ்ஸுக்கு இறங்குவாள்.

"அந்தப் பெரியப்பா பேச்சு அவரைச் சுட்டுருச்சு. ஆறட்டும்," என்று சடையாண்டியிடம் சொல்லிவிட்டுப் போவாள்.

சடையாண்டி விறகுக் கொட்டகைக்குப் போய்க் கதவைத் தட்டுவார். "புள்ள போயிருச்சு. வெளிய வாங்க, வீரரே."

காட்டோரத்தில் காட்டுச் செர்ரிக் கன்றுகள் தாமாக முளைத்திருந்தன. அதில் திடமான மூன்றை வேரும் மண்ணுமாகப் பெயர்த்துத் தோட்டத்தில் வைத்தார்கள். கோடை மழை குடித்து அவை தண்டு பருத்தன. ஆனிக் கடைசியில் அம்மை கத்தியைச் சாணை பிடித்தாள்.

"இப்ப கண் ஒட்டு," என்றாள்.

பூச்செர்ரியின் இளங்கிளையில் இலைக்காம்பு சேருகிற இடத்தில் ஒரு சின்ன மொட்டு இருந்தது. அதைத்தான் கண் என்றாள். இலையைக் கிள்ளி எறிந்து, பிடித்துக்கொள்ளக் காம்பை மட்டும் விட்டு, அந்தக் கண்ணைப் பட்டையோடு சீவி எடுத்தாள். கத்தியைக் குற்றாலிங்கத்திடம் நீட்டினாள்.

"காட்டுக்கன்னுப் பட்டையில நீங்க கீறுங்ணா. மேல குறுக்க ஒண்ணு. கீழ நெட்டுக்கு ஒண்ணு."

அவர் கத்தியை வாங்கிக் கன்றைப் பார்த்தார். "அதுக்கு ஏன் அம்மை வெட்டு? அது பாட்டுக்கு நின்னுட்டிருக்கு."

"ரெண்டு பக்கமும் கத்தி படோணுமுங்ணா. ஒரு பக்கம் மட்டும் வெட்டுப்பட்டா ஒட்டாது."

கீறினார். பட்டையை விரித்துக் கண்ணை உள்ளே செருகினார்கள். பாலிதீன் நாடாவால் கண்ணும் காம்பும் மட்டும் வெளியே தெரியச் சுற்றிக் கட்டினார்கள். மூன்று கன்றுகளுக்கும் அப்படியே.

முடித்துவிட்டுக் குற்றாலிங்கம் கேட்டார். "அம்மை, இந்த வேருக்கு இது தன் புள்ள இல்லன்னு தெரியாதா?"

"என்னைய எப்படிக் கூப்பிட்டீங்க இப்ப?"

"அம்மைன்னு."

"நான் உங்களுக்கு எந்த வருசமுங்ணா பால் குடுத்தேன்?"

குற்றாலிங்கம் சிரித்துவிட்டார். வந்த நாளிலிருந்து அவர் சிரித்து அன்றுதான் பார்த்தார்கள். "அது வாயில தானா வருது," என்றார்.

அம்மை கத்தியைத் துடைத்து உறையில் போட்டாள்.

ஆடி முழுக்க அவர் அந்தக் கன்றுகளோடுதான் இருந்தார். சாரல் அடித்தால் குடை பிடித்தார். அடிவேரிலிருந்து காட்டுத் துளிர் தலை நீட்டினால் கிள்ளினார். காலையில் எழுந்ததும் முதல் வேலை, மூன்று காம்புகளும் இருக்கின்றனவா என்று பார்ப்பது. காம்புகள் வாடின, பழுத்தன. ஆனால் இருந்தன. இருந்தால் சரி.

"காம்பை இழுத்துப் பாத்தீங்களாண்ணே?" என்று கேட்டார் சடையாண்டி.

"இழுக்கப்படாது. அது இப்பதான் பிடிச்சுட்டு இருக்கு. நாம போய் உலுக்கலாமா?"

ஆவணி பிறந்த வாரம் கோமதி மறுபடி வந்தாள். இந்தத் தடவை தட்டில் வெற்றிலை பாக்கு, பூ, பழம். கல்யாணத்துக்கு அழைக்க வந்திருந்தாள். விறகுக் கொட்டகைக்குப் போக நேரமில்லை. குற்றாலிங்கம் செர்ரிக் கன்றுகளுக்கு நடுவில் அப்படியே குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார். அங்கிருந்து மடப்பள்ளி வாசல் தெரியும்.

கோமதி உட்கார்ந்தாள். சும்மா உட்காரவில்லை. சுவரோரம் சாத்தியிருந்த மடத்துக் குடையைப் பார்த்தாள். எடுத்தாள். விரித்தாள். கம்பி ஒன்று துணியை விட்டுக் கழன்று நின்றது.

"அய்யய்யே, என்ன அண்ணாச்சி, குடையை இப்படியா வச்சிருப்பிய? ஊசி நூல் இருக்கா? கொஞ்சம் கெட்டி நூலாக் குடுங்க. கம்பி நுனிக் குல்லாவைத் துணியோட தைக்காம விட்டா ஒரு காத்துக்குத் தாங்குமா?"

சடையாண்டி ஊசி நூல் எடுக்க ஓடினார். தோட்டத்தில் குற்றாலிங்கம் வாயைப் பொத்திக்கொண்டார். அது அவர் வாடிக்கையாளர்களைத் திட்டுகிற திட்டு. 'அய்யய்யே'யில் இழுக்கிற இழுப்பு வரை அவருடையது.

பார்க்க முடியாமல் முகத்தைத் திருப்பினார். முன்னால் நடுக்கன்று. அதன் காம்பு மஞ்சளாக நின்றது. சும்மா, ஒரு ஆறுதலுக்கு, விரல் நுனியால் அதைத் தொட்டார்.

காம்பு உதிர்ந்தது.

இழுக்கவில்லை, அழுத்தவில்லை. பட்டதும் விட்டுவிட்டது. மண்ணில் கிடந்தது.

குற்றாலிங்கம் மற்ற இரண்டையும் பதறிப்போய்த் தொட்டார். இந்தப் பக்கத்துக் காம்பு காய்ந்து கறுத்திருந்தாலும் கெட்டியாகப் பிடித்திருந்தது. அந்தப் பக்கத்ததும் அப்படியே. ஆட்டினாலும் வரவில்லை. நடுக்கன்று மட்டும் கைவிட்டுவிட்டது. மூன்றில் அவருக்குப் பிரியமானது அதுதான்.

"நீயும் அப்படித்தானா?" என்றார் அதனிடம்.

இரண்டு கையாலும் அதன் தண்டைப் பிடித்தார். வேரோடு பிடுங்கக் காலை ஊன்றினார்.

"எதைப் புடுங்கறீங்க?"

அம்மை பின்னால் நின்றாள்.

"செத்ததை."

"செத்துச்சுன்னு யாரு சொன்னா?"

"தொட்டேன் அம்மை. சும்மா தொட்டேன். ஒரு வார்த்தை சொல்லாம விட்டுட்டு." மற்ற இரண்டையும் கை நீட்டிக் காட்டினார். "அதுக ரெண்டும் எப்படிப் பிடிச்சிருக்கு பாருங்க. அதுகளுக்குப் பாசம் இருக்கு."

அம்மை குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். முதலில் பாசமுள்ள இரண்டையும் எடுத்துக்கொண்டாள். நாடாவைச் சுற்றுச் சுற்றாக அவிழ்த்தாள். உள்ளே கண் கறுத்துச் சுருங்கிக் கிடந்தது. நகத்தால் தொட்டதும் காம்பும் கண்ணும் பட்டையுமாக ஒரே பொருக்காகப் பெயர்ந்து வந்தது. அடுத்ததும் அப்படியே.

பிறகு நடுக்கன்றின் நாடாவை அவிழ்த்தாள்.

பச்சை. கீறிய இடமெல்லாம் வெண்ணெய் தடவியதுபோல் மூடியிருந்தது. காம்பு விழுந்த இடத்தில் ஒரு சின்னத் தழும்பு. அதற்கு மேல் கண் உப்பிக்கொண்டு நின்றது.

"காஞ்சு செத்தது காம்பை விடாதுங்ணா. அதுக்கு விடத் தெரியாது," என்றாள் அம்மை. "உள்ள சேந்துக்கிச்சுன்னாத்தான் காம்பை உதறும். இனிமே கைப்பிடி எதுக்குன்னு."

குற்றாலிங்கம் தண்டை இன்னும் பிடித்துக்கொண்டிருந்தார். பிடுங்க வந்த கை. அதை மெல்ல எடுத்து வேட்டியில் துடைத்தார். எழுந்தார். மடப்பள்ளியைப் பார்த்து நடந்தார்.

கோமதி பல்லால் நூலைக் கடித்துக்கொண்டிருந்தாள். அவரைக் கண்டதும் குடையைக் கீழே போட்டாள்.

"யப்பா! என்ன தாடி இது? ஆட்டுக்கெடா மாதிரி!"

"கோமதி, ஒண்ணு கேக்கணும்."

"மொதல்ல உக்காருங்க. எளச்சுப் போயிட்டியளே..."

"அன்னைக்கு ஒன் பெரியப்பன் 'நீரு யாரு'ன்னு கேட்டாருல்லா. நீ ஏன்ட்டி வாயத் தொறக்கல?"

கோமதி விழித்தாள். "எப்ப?"

"நிச்சயத்தன்னைக்கு. நான் ஒன்னயப் பாத்தேன். நீயும் என்னயப் பாத்த. ஒண்ணும் சொல்லல."

"வாயில ஊக்கு இருந்துச்சுப்பா!"

"என்னது?"

"அத்தைக்குச் சேலை மடிப்பு வச்சுக்கிட்டிருந்தேன். வாயில ரெண்டு ஊக்கு. அதை எடுத்துக் குத்திட்டு நிமிந்து பாத்தா ஒங்க செருப்பக் காணோம்." அவள் குரல் ஏறியது. "அதுக்காப்பா? பெரியப்பா பேச்சுக்குக் கோவிச்சுக்கிட்டுப் போயிட்டியன்னு நான் நெனச்சேன். நான் பேசலைன்னுட்டா வந்திய? அம்புட்டு நாளும் அந்தக் கொட்டகைக்குள்ள அதுக்கா இருந்திய?"

"கொட்டகையில இருந்தது ஒனக்கு..."

"கதவுக்குக் கீழ ஒங்க கால் தெரியும்லா! சரி, இருக்கட்டும், ஆறி வருவாருன்னு போவேன்." மூக்கை உறிஞ்சினாள். "ஊக்கை எடுத்த பெறகு பேசுனேன். பெரியப்பாகிட்டக் கேட்டுப் பாருங்க, என்ன பேசுனேன்னு. அன்னைக்குச் சாப்பிடாமப் போனவருதான்."

சடையாண்டி வேறு பக்கம் திரும்பி, காரணமே இல்லாமல் ஒரு பானையைத் தேய்க்க ஆரம்பித்தார்.

குற்றாலிங்கம் மகளின் தலையில் கை வைத்தார். எடுக்கவில்லை. 

கோமதி தட்டை எடுத்தாள். "ஆனா அவரு விட்டபாடில்லப்பா. ஊரெல்லாம் அதையேதான் சொல்லிட்டுத் திரியுதாரு. மணவறையில வந்து நின்னு கேப்பாராம். கேக்கட்டும். நீங்க தாரை வாக்கலைன்னா நான் மணவறை ஏற மாட்டேன். இதைச் சொல்லத்தான் வந்தேன்."

தட்டை நீட்டினாள். அவர் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். வாங்கிய பிறகும் முகத்தில் ஒரு கலக்கம் நின்றது.

அம்மை கன்றுப் பக்கத்திலிருந்து வந்து வாளியருகே உட்கார்ந்திருந்தாள். செம்பில் நீர் மொண்டு கை மண்ணைக் கழுவிக்கொண்டிருந்தாள். குற்றாலிங்கம் தட்டோடு அவள் முன் போய் நின்றார்.

"அம்மை, நான் போயிட்டு வாரேன்."

"போயிட்டு வாங்ணா. நடுக்கன்னை நான் பாத்துக்கறேன்."

"ஒரு கேள்வி மட்டும் இருக்கு."

"கேளுங்க."

"அவரு கேப்பாரு. அத்தனை பேரு முன்னால, மணவறையில வச்சே கேப்பாரு. 'தாரை வாக்க ரத்தம் எங்கவே?'ன்னு. நான் என்ன அம்மை சொல்லட்டும்?"

அம்மை செம்பைச் சாய்த்தாள். மிச்சமிருந்த நீர் மெல்லிய ஒழுக்காக அவள் விரல்கள் வழியே மண்ணில் இறங்கியது. அது நிற்கும் வரை பார்த்திருந்தாள்.

"தாரை வாக்கறது தண்ணியிலதானுங்ணா."